அகழி சூழ்ந்த வளவுகள்: சேற்றுக்குள் உறங்கும் குடும்ப வரலாறு

அகழி என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது கோட்டைதான். யாழ்ப்பாணக் கோட்டையின் அகழியை நேரிலோ படத்திலோ நம்மில் பலர் பார்த்திருப்போம். அரசர்கள், படைகள், பீரங்கிகள் என்றே நம் எண்ணம் ஓடும். ஆனால் பிள்ளைகளும் கோழிகளும் ஓடித் திரியும் ஒரு குடும்பத்தின் வளவைச் சுற்றி அகழி வெட்டினார்கள் என்றால் நம்புவீர்களா?

ஒன்றல்ல, இரண்டல்ல. இங்கிலாந்தில் மட்டும் இத்தகைய வளவுகள் ஏறத்தாழ 6,000 அடையாளம் காணப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை 1250ஆம் ஆண்டுக்கும் 1350ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. இன்று அவற்றுட் பலவற்றில் வீடு இல்லை, சுவர் இல்லை, ஒரு கல்கூட மேலே தெரிவதில்லை. புல் மூடிய ஒரு மேடும், அதைச் சுற்றி நீரோ சேறோ நிறைந்த பள்ளமும் மாத்திரமே மிஞ்சியிருக்கின்றன. அப்படியிருந்தும் அவற்றுட் பலவற்றை அந்நாட்டுச் சட்டம் அரண்மனைக்குரிய அக்கறையோடு பாதுகாக்கிறது. வெறும் பள்ளத்தில் பாதுகாக்க என்ன இருக்கிறது?

அதை அறிய வேண்டுமானால் அந்த வளவுகளுக்குள் நாம் சற்று நுழைந்து பார்க்க வேண்டும்.

எப்படி அமைத்தார்கள்?

இவ்வளவுகள் கிழக்கு, மத்திய இங்கிலாந்திலேயே மிக நெருக்கமாகக் காணப்படுகின்றன. எசெக்ஸ், சஃபோக் ஆகிய மாவட்டங்களில் நூற்றுக்கணக்கில் உள்ளன. அதற்கு முக்கியமான காரணம் மண். அப்பகுதிகளில் களிமண் அதிகம். களிமண்ணில் வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் எளிதில் வடிந்து போகாது.

அக்காலத்தில் மக்கட்தொகை பெருகியது. புதிய நிலம் தேடிக் காடுகளை வெட்டிக் குடியேறினார்கள். ஈரம் மிகுந்த அந்தக் களிமண் தரையில் உலர்ந்த இடத்தில் வீடு கட்டுவது இலேசான காரியமல்ல. எனவே நாற்புறமும் பள்ளம் தோண்டினார்கள். தோண்டிய மண்ணை நடுவிலே கொட்டித் தரையை உயர்த்தினார்கள். மழைநீர் பள்ளத்துக்குள் வடிந்தது. நடுவிலிருந்த மேடு காய்ந்தது. அந்த மேட்டிலே வீடு எழுந்தது. இயந்திரங்கள் இல்லாத காலம் அது. ஓரத்தில் இரும்புத் தகடு பொருத்திய மரமண்வெட்டிகளும் கூடைகளுமே கருவிகள்.

அகழிக்குள் அமைந்த இந்தத் தீவுகள் பெரும்பாலும் சதுரமாக அல்லது நீள்சதுரமாக இருக்கும். வட்டமானவை குறைவு. உள்ளே செல்வதற்கு ஒரு மரப்பாலம் அல்லது வெட்டாமல் விட்ட ஒரு மண்பாதை இருக்கும். சில வளவுகளில் இரண்டு தீவுகள்: ஒன்றில் வீடு, மற்றதில் பழத்தோட்டமும் காய்கறித் தோட்டமும்.

எதிரிக்காகவா, ஊராருக்காகவா?

அகழி வெட்டியது பகைவரைத் தடுக்கத்தான் என்றே எவரும் நினைப்பார்கள். ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. கள்வரையும், அயலவரின் மாடுகளையும் தடுக்க அது உதவியிருக்கும். ஒரு படையைத் தடுக்க உதவாது. இவற்றுட் பெரும்பாலானவை கௌரவத்துக்காக வெட்டப்பட்டவை என்பதே இன்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து.

பெரும் பிரபுக்களின் கோட்டையைச் சுற்றி அகழி இருந்தது. அதைப் பார்த்த சிறிய நிலக்கிழாரும் தம் வளவைச் சுற்றி ஒன்றை வெட்டினார். அவரைப் பார்த்துக் கையில் நாலு காசு சேர்ந்த விவசாயியும் வெட்டினார். பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்து நம் மதிலை ஓரடி உயர்த்திக் கட்டும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல போலும்!

ஆனால் வெட்டிய அகழி வீணாகக் கிடக்கவில்லை. வீட்டுத் தேவைகள் பலவற்றுக்கு அது கைகொடுத்தது. அதில் மீன் வளர்த்தார்கள். வாத்துகள் நீந்தின. ஆடுமாடுகள் தண்ணீர் குடித்தன. மரவீடுகளில் தீப்பிடித்தால் அணைப்பதற்கும் நீர் அருகிலேயே இருந்தது. அதே அகழிக்குள்தான் பல வீடுகளின் கழிவறைகளும் திறந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்!

மீனுக்கு ஒரு தனிக் காரணம் இருந்தது. அக்காலக் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் வெள்ளிக்கிழமைகளிலும், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்திலும் இறைச்சி உண்பதில்லை. அவர்களுடைய நோன்பு நம்முடைய நோன்பைப் போல உணவையும் நீரையும் பகல் முழுதும் துறப்பதல்ல. இறைச்சியை விலக்குவதே அதன் முக்கிய அம்சம். எனவே கடலிலிருந்து தூரத்தில் வாழ்ந்தவர்களுக்கு வாசலிலேயே மீன் கிடைப்பது பெரிய வசதி.

வீட்டுக்காரியின் நாள்

அந்த வீடுகளின் நடுவிலே ஒரு பெரிய கூடம். கூடத்தின் மத்தியில் திறந்த அடுப்பு. புகை கூரை வழியே வெளியேறும். பல வீடுகளில் யன்னலுக்குக் கண்ணாடி இல்லை, மரக் கதவுகள்தாம். தரையில் கோரைப்புல் பரப்பியிருப்பார்கள். தீ விபத்துக்குப் பயந்து சமையலறையைத் தனியாகக் கட்டுவதும் உண்டு.

அங்கே ஒரு குடும்பத் தலைவியின் வேலைக்கு முடிவே இருக்கவில்லை. பால் கறந்து வெண்ணெயும் பாற்கட்டியும் செய்ய வேண்டும். ரொட்டி சுட வேண்டும். கம்பளி நூற்க வேண்டும். தோட்டத்து மூலிகைகளைப் பறித்துக் காயவைக்க வேண்டும். வீட்டுக்கு வைத்தியரும் பெரும்பாலும் அவளே. குளிர்காலம் வருமுன் இறைச்சியையும் மீனையும் உப்பிட்டு வைக்க வேண்டும். வசதியுள்ள வீடுகளின் அலுமாரியில் மிளகும் இஞ்சியும் கறுவாவும் பூட்டுப் போட்டுப் பாதுகாக்கப்பட்டன. அந்தக் கறுவா எங்கிருந்து போனது? நமது இலங்கைக் கறுவாவும் அதில் இருந்தது. முஸ்லிம் வர்த்தகர்களின் கப்பல்களில் அரபிக்கடலையும் செங்கடலையும் கடந்து, எகிப்தை அடைந்து, அங்கிருந்து வெனிஸ் வணிகர் கைமாறி இங்கிலாந்தின் அடுப்பங்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

அம்பு வில்லும் வாதுமையும்

நோர்ஃபோக் மாவட்டத்திலே கிரெஷம் என்றொரு கிராமம். அங்கே சதுரமான அகழி சூழ்ந்த ஒரு மாளிகை வளவு இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் அது பாஸ்டன் குடும்பத்துக்கு உரிமையானது. 1448ஆம் ஆண்டில் மொலின்ஸ் பிரபு என்பவர் அதற்கு உரிமை கோரி ஆள்பலத்தால் பறித்துக் கொண்டார். குடும்பத் தலைவர் ஜோன் பாஸ்டன் வழக்கு விடயமாகப் பெரும்பாலும் இலண்டனிலேயே இருந்தார். ஊரிலே நிலைமையைச் சமாளித்தவர் அவருடைய மனைவி மார்கரெட்.

பறிக்கப்பட்ட வளவுக்குள் எதிராளியின் ஆட்கள் கதவுகளை அடைத்து, அம்பு எய்யத் துவாரங்கள் போட்டுக் கொண்டிருந்தார்கள். அதே ஊரில் வேறொரு வீட்டில் இருந்துகொண்டு மார்கரெட் கணவருக்குக் கடிதம் எழுதினார். தங்கள் வீடு தாழ்வானது, நீண்ட வில்லால் எய்ய இயலாது, ஆகவே குறுக்கு வில்லும் அம்புகளும் வாங்கி அனுப்புங்கள் என்று கேட்டார். அந்தக் கடிதத்திலேயே வாதுமை ஓர் இறாத்தல், சீனி ஓர் இறாத்தல், பிள்ளைகளுக்கு அங்கி தைக்கத் துணி ஆகியவற்றையும் கேட்டிருந்தார்!

சகோதரிகளே, இதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அடுத்த கணம் மனம் கனக்கிறது. எதிரி எட்டிய தூரத்தில் நிற்கிறான். ஆனாலும் பிள்ளைக்கு உடுப்பு வேண்டும், வீட்டுக்குச் சீனி வேண்டும் என்பதை அந்தத் தாய் மறக்கவில்லை. பின்னர் ஒரு ஜனவரி மாதத்தில் பெருங்கூட்டம் அவ்வீட்டைத் தாக்கியது. ஆயிரம் பேர் வந்ததாகவும், உள்ளே மார்கரெட்டுடன் இருந்தவர்கள் பன்னிரண்டு பேரே என்றும் கணவர் தம் மனுவில் முறையிட்டார். அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்து விட்டு வீட்டைச் சூறையாடினார்கள்.

அந்த வளவு பின்னர் பாஸ்டன் குடும்பத்துக்கே திரும்பியது. இன்று அங்கே மரங்களும் பற்றையும் மூடிய மேடும் அகழியுமே உள்ளன. அது சட்டப் பாதுகாப்புப் பெற்ற தொல்சின்னம். குடும்பத்தார் எறியாமல் வைத்திருந்த கடிதங்களுட் பெரும்பாலானவை இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன.

சேறு என்னும் பெட்டகம்

எல்லாக் குடும்பங்களிலும் ஒரு மார்கரெட் இருந்து கடிதம் எழுதவில்லை. ஆயிரக்கணக்கான வளவுகளில் வாழ்ந்தவர்களின் பெயரே தெரியாது. 1348-49இல் பரவிய பெருங்கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. சில வளவுகள் கைவிடப்பட்டன. வேறு சிலவற்றில் வசதியான புது இடம் தேடிக் குடும்பங்கள் நகர்ந்தன. மரவீடுகள் உக்கி மண்ணாகின. அவர்களைப் பற்றி அறிய ஒரே வழி அவர்கள் விட்டுச் சென்ற மண்தான்.

இங்கேதான் அகழிச் சேற்றின் அருமை தெரிகிறது. மரமும் தோலும் துணியும் சாதாரண மண்ணில் சில வருடங்களில் உக்கிப் போகும். உக்கச் செய்யும் பங்கசுகளுக்கும் பெரும்பாலான நுண்ணுயிர்களுக்கும் காற்று தேவை. எப்போதும் நீரில் ஊறிய அடிச்சேற்றுக்குள் காற்றுப் புகாது. எனவே அதற்குள் விழுந்த பொருட்கள் நூற்றாண்டுக் கணக்கில் கெடாமல் இருக்கக்கூடும். தேய்ந்த தோற் செருப்பு, உடைந்த மரக்கிண்ணம், கயிற்றுத் துண்டு, பழக்கொட்டை, மீன்முள், பூந்தாது முதலியவை இத்தகைய சேற்றிலிருந்து கிடைக்கின்றன. அந்த வீட்டார் எதைச் சாப்பிட்டார்கள், தோட்டத்தில் என்ன நட்டார்கள், அவர்களுடைய பிள்ளைகளின் கால் எத்தனை பெரிது என்பதைக்கூட அவை சொல்லும்.

ஆனால் அகழியைத் தூர்த்துவிட்டால்? வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால்? அழகுபடுத்துகிறோம் என்று இயந்திரத்தால் அடிச்சேற்றை வாரி எறிந்துவிட்டால்? காற்றுப் புகும். எழுநூறு வருடம் இருந்தது ஏழெட்டு வருடத்தில் உக்கிப் போகும். அதை மீண்டும் உண்டாக்க எந்தப் பணத்தாலும் முடியாது.

சட்டம் எப்படிக் காக்கிறது?

பிரித்தானியாவில் தொல்சின்னங்களைக் காக்கும் முதற் சட்டம் 1882இல் வந்தது. அதற்காகப் பல்லாண்டு போராடியவர் ஜோன் லபொக் என்னும் பாராளுமன்ற உறுப்பினர். வங்கி விடுமுறை நாளைச் சட்டமாக்கியவரும் இவரே. காக்கப்பட வேண்டிய இடங்களின் பெயர்களை ஓர் அட்டவணையில் எழுதிச் சட்டத்தோடு சேர்த்தார்கள். முதலில் அதில் இருந்தவை 68 இடங்களே. அவையும் பெரும்பாலும் வரலாற்றுக்கு முற்பட்ட கல்வட்டங்களும் புதைமேடுகளும். மேலும், காணிச் சொந்தக்காரரைக் கட்டாயப்படுத்த அச்சட்டத்துக்கு வலுவிருக்கவில்லை. பின்வந்த சட்டங்கள் அதை வலுப்படுத்தின. இப்போது நடைமுறையில் இருப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டம். இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 20,000 இடங்கள் அட்டவணையில் உள்ளன.

அகழி வளவுகளை மக்கள் நெடுங்காலம் பெரிதாக மதிக்கவில்லை. பண்ணையின் பழைய குட்டை என்றே நினைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் விவசாயம் இயந்திரமயமானபோது பல அகழிகள் தூர்க்கப்பட்டு வயலோடு சமமாயின. அவற்றைத் தேடிப் பதிவுசெய்யவென்று ஆர்வலர்கள் 1971இல் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தார்கள். 1986இல் அரசின் மரபுரிமை அமைப்பு நாடு முழுவதிலும் உள்ள தொல்சின்னங்களை மீளாய்வு செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பயனாகப் பல அகழி வளவுகள் அட்டவணையில் ஏறின. எல்லாம் ஏறவில்லை, நன்கு எஞ்சியிருப்பவற்றையே தெரிவு செய்கிறார்கள்.

அட்டவணையில் ஏறினால் காணி அரசுக்குப் போய்விடுமா? இல்லை. காணி சொந்தக்காரருக்கே உரியது. வழிப்போக்கர் எவரும் உள்ளே நுழையலாம் என்பதும் இல்லை. ஆனால் அங்கே தோண்டுவதற்கும், தூர்ப்பதற்கும், குப்பை கொட்டி நிரப்புவதற்கும், பழுதுபார்ப்பதற்கும்கூட முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். இல்லாவிட்டால் அது குற்றம். உலோகங்காட்டும் கருவியோடு புதையல் தேடிப் போவதும் அனுமதியின்றிக் கூடாது.

சட்டத்தோடு மட்டும் விடவில்லை. ஏர் படும் இடத்தைப் புல்வெளியாக விட்டுவிடும் விவசாயிக்கு அரசின் திட்டங்கள் உதவிப் பணம் வழங்கியிருக்கின்றன. இது நியாயமான ஏற்பாடு. ஊருக்குப் பொதுவான சொத்தைக் காக்கும் செலவை ஒரு விவசாயியின் தலையில் மட்டும் சுமத்துவது முறையல்லவே! இருந்தும் ஆபத்து தீரவில்லை. கலப்பையும், கரையைக் குடையும் முயல்களும், வேர்விடும் மரங்களும், கரையை மிதித்துச் சரிக்கும் மாடுகளும் மெல்ல மெல்ல அரிக்கின்றன. ஆகவே ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியல் ஒன்றை ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறார்கள்.

வீட்டை விற்று வீட்டைக் காத்த பெண்கள்

சில அகழி வளவுகளில் வீடும் நிலைத்து நிற்கிறது. கென்ட் மாவட்டத்தின் ஐட்டம் மோட் அவற்றுள் ஒன்று. 14ஆம் நூற்றாண்டில் தொடங்கிக் கட்டப்பட்ட இந்த வீடு அகழி நீரிலிருந்தே எழுவது போலத் தோன்றும். 1953இல் அதை வாங்கிக் காத்தவர் ரொபின்சன் என்னும் அமெரிக்கர். இளமையில் சைக்கிளில் அப்பக்கம் சுற்றியபோது கண்டு மனதைப் பறிகொடுத்த வீடு அது. 1985இல் அவர் காலமானபின் அது தேசிய மரபுரிமை நிதியத்தைச் சேர்ந்தது. 1989 முதல் 2004 வரை நடைபெற்ற பழுதுபார்ப்புக்கு ஒரு கோடிப் பவுணுக்கு மேல் செலவாயிற்று.

ஆயினும் நம் நெஞ்சைத் தொடுவது நோர்ஃபோக்கிலுள்ள ஒக்ஸ்பரோ மாளிகையின் கதை. 1482இல் அரச அனுமதி பெற்றுச் செங்கல்லால் கட்டிய வீடு இது. நாற்புறமும் அகழி. பெடிங்ஃபெல்ட் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தது. போருக்குப் பிந்திய வரிச்சுமையாலும் செலவுகளாலும் இங்கிலாந்தின் எத்தனையோ பெரிய வீடுகள் இடிக்கப்பட்ட காலத்தில், 1951இல் இதுவும் விற்கப்பட்டது. வாங்கியவர்கள் கைமாற்றியபின் இடித்து விற்கும் நிலைக்கு வந்துவிட்டது.

அப்போது அக்குடும்பத்தின் மூன்று பெண்கள் முன்வந்தார்கள். சிபில் பெடிங்ஃபெல்ட் சீமாட்டி, அவருடைய மகள், அவருடைய பெறாமகள். மூவரும் தாங்கள் குடியிருந்த வீடுகளை விற்றுப் பணம் சேர்த்து மாளிகையை மீட்டார்கள். மீட்டதைத் தங்களுக்கென்று வைத்துக் கொண்டார்களா? இல்லை. 1952இல் தேசிய மரபுரிமை நிதியத்திடம் ஒப்படைத்தார்கள். இன்று அதை எவரும் போய்ப் பார்க்கலாம்.

பார்க்க வேண்டியவற்றுள் ஒரு தையல் வேலைப்பாடும் உண்டு. ஸ்கொட்லாந்து அரசி மேரி, இங்கிலாந்தில் சிறைவைக்கப்பட்டிருந்தபோது ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத்தோடு சேர்ந்து பட்டு நூலால் தைத்த பறவைகள், மிருகங்கள், செடிகொடிகளின் உருவங்கள் அங்கே தொங்குகின்றன. 1587இல் அவ்வரசியின் தலை வெட்டப்பட்டது. ஊசியும் நூலும் பேசுவது இன்னும் நிற்கவில்லை.

ஒரு யன்னற்கூரை இடிந்து விழுந்ததைத் தொடர்ந்து அம்மாளிகையின் கூரையைத் திருத்தும் பெருவேலை நடந்தது. 2020இல், கொரோனா முடக்கக் காலத்தில், மேல்மாடித் தரைப்பலகைகளைக் கழற்றியபோது எலிக்கூடுகள் அகப்பட்டன. எலி எதைக் கொண்டு கூடு கட்டியிருந்தது தெரியுமா? பழங்காலப் பட்டுத்துணித் துண்டுகள், கைப்பிரதிக் கிழிசல்கள்! அவற்றோடு 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தோற்பிரதி ஏடொன்றும், 1568இல் அச்சான பிரார்த்தனை நூலொன்றும் கிடைத்தன. 1951இல் வீட்டை இடித்திருந்தால் இவையெல்லாம் குப்பையோடு போயிருக்கும். மூன்று பெண்கள் காத்தது தாங்களே அறியாத செல்வத்தையும்தான்.

நமக்கும் ஒரு சொல்

மரபுரிமை என்றால் நாம் அரசர்களின் அரண்மனையையும் தூபிகளையும் கோட்டைகளையும் மட்டும் எண்ணுகிறோம். புல் மூடிய பள்ளத்துக்கும் சட்டம் காவல் நிற்பது அங்கே ஓர் அரசர் வாழ்ந்ததற்காக அல்ல. குடும்பங்கள் வாழ்ந்தன, தாய்மார் சமைத்தார்கள், தைத்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள். ஏட்டில் எழுதப்படாத அந்த வாழ்க்கைக்குச் சேறு மாத்திரமே சாட்சி.

நம் வீட்டு அலுமாரியின் அடித்தட்டிலும் அத்தகைய சாட்சிகள் இருக்கின்றன. உம்மும்மாவின் கைப்பட்ட அரபுத்தமிழ்க் குறிப்பு, பழைய உறுதி, வாப்பா வெளியூரிலிருந்து எழுதிய கடிதம், தேய்ந்த செம்புக் கிண்ணம். பெருநாளைக்கு முன் வீடு துப்புரவாக்கும்போது முதலில் வெளியே போவது இவைதாம். இவற்றுக்குக் காவல் நிற்க எந்தச் சட்டமும் வராது. எறிவதா வைப்பதா என்று தீர்மானிப்பது வீட்டிலுள்ள பெண்ணின் கைதான். எறியுமுன் அது யாருடையது, என்ன கதை என்று பெரியவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி, அதனோடு சேர்த்து வைத்துவிடுங்கள். நாளை நம் பேரப்பிள்ளைகள் நம்மைத் தேடும்போது அவர்கள் கைக்கு ஏதாவது அகப்படட்டும்.